எங்கே என்று தெரிந்தால் போதும்

வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வகுப்புக்கு ஓடும் சட்ட மாணவர்களுக்குத் தே-உங் பைக்கைத் தெரிந்திருக்குமா? தென்கொரியாக்காரர். சோஷலிஸ்ட் இயக்கத்தில் இருந்ததற்காக 1992-ல் கைதாகி, ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர். பிறகு அமெரிக்காவில் சட்டம் படித்து, ஹவாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, ‘எங்களிடம் இல்லையே’ என்று அரசே கைவிரிக்கும் புகார்களை விசாரிக்கும் ஐ.நா. குழுவுக்கும் தலைவராக இருந்தார். ஒரு வகையில் சிறைவாசி பாக்கியசாலி. எங்கே இருக்கிறார் என்றாவது வீட்டுக்குத் தெரியும்!

இதற்கென 2006-ல் வந்த ஐ.நா. உடன்படிக்கை, காணாமல் ஆக்குவதைத் தொடரும் குற்றமாகப் பார்க்கிறது. இந்தியா 2007-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி. இலங்கை 2016-ல் முழுமையாகவே ஏற்றது. மறு வருடம் பிப்ரவரியில், பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சித் தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்தார்கள்.