பத்தாம் மாதம்

பத்தாம் மாதம் பிறந்ததும் நான் அடக்கமான பெண்ணாகிவிடுவேன். தோழிகளை வீட்டுக்கு அழைக்க மாட்டேன். கவியரங்கம் முடிந்து இரவில் திரும்பினால் கேட்டை ஓசையில்லாமல் திறப்பேன். குழாய் ஒழுகினாலும் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறதே! இருபது வருடமாக இப்படித்தான்.

இந்தப் பதினோரு மாதக் கணக்கு 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தால் வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே பதினோரு மாதம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆனாலும் பழக்கம் போகவில்லை.

மதுரையில் இப்போதிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கணவரை இழந்தவர், வாடகைதான் வருமானம். மூன்று வருடத்துக்கு எழுதலாமா என்று கேட்டேன்.

"அவ்வளவு நாள் விட்டா வீடே கையவிட்டுப் போயிரும்னு தம்பி சொல்றானே டீச்சர்."

"நான் வாடகைக்குத்தான் இருக்கேன்கிறதுக்கு அந்தப் பத்திரமே சாட்சிக்கா" என்றேன்.

ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வாடகை உயர்வு. பாக்கி வைக்காதவரை காலி செய்யச் சொல்லக் கூடாது. நான் போவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். ஆள் மாறும்போதெல்லாம் ஆகும் வெள்ளையடிப்பு, தரகர் கமிஷன், வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் அக்கா விரல்விட்டு எண்ணினார். பிறகு கையெழுத்திட்டார். அவர் பயமும் என் பயமும் ஒன்றுதான்: தனித்திருக்கும் பெண்ணிடமிருந்து வீட்டை யாரும் பறித்துவிடலாம்.

போன வாரம் குழாய் ஒழுகியது. "அக்கா, ஆள் அனுப்புங்க" என்று அன்றே சொல்லிவிட்டேன். இது பத்தாம் மாதம்.