அளவு மட்டும் போதாது

சூடேறிய குழாய் நீளும். 100 மீட்டர் கார்பன் எஃகுக் குழாயின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் நீளும். இரு முனைகளும் இறுகக் கட்டப்பட்டிருந்தால் குழாய் கோணிக்கொள்ளும், அல்லது தாங்கிகளைப் பெயர்க்கும். அந்த நீட்சியை வாங்கிக்கொள்ளவே இடையில் பெல்லோஸ் வைக்கிறார்கள். ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பான, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கூடு அது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இந்த வேலையைப் பார்த்தபின் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து இதுதான்: பெல்லோஸ் நிலைத்து நிற்பது, அதைச் செய்கிறவரும் அதை மாட்டுகிற ஆலையும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால். நம் கொள்முதல் முறை அந்த அறிதலைத்தான் முதலில் வெட்டுகிறது.

தகட்டை வெட்டி உருளையாக வளைத்ததும், அதன் நீளவாக்கு விளிம்புகள் ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டப்படுகின்றன. மொத்த வேலையின் உயிர் இந்த ஒரு கோட்டில் இருக்கிறது. தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கரண்ட் சற்றுக் கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் அடிவரை உருகாது. விளிம்புக்கு அடியில் செம்புப் பட்டையை வைத்து, அதன் பள்ளத்தின் வழியே உட்புறத்துக்கும் ஆர்கான் விடுகிறார்கள். வாயுவை மிச்சம் பிடித்தால் உட்பக்கம் கருகிப் பொரபொரத்துப் போகும்; வெளியே கோடு பளபளவென்றே இருக்கும். பிறகு உருளைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நீரழுத்தத்தால் மடிப்பு எடுக்கிறார்கள். அதன்பின் உள்ளடுக்கின் கோட்டை எந்தக் கண்ணும் பார்க்க முடியாது.

தானியங்கி வெல்டிங் எந்திரம் வந்துவிட்டதே, நீரழுத்தச் சோதனையும் இருக்கிறதே என்று கேட்கலாம். எந்திரம் கையின் நடுக்கத்தைப் போக்கும். ஆனால் விளிம்பைத் துடைப்பதும், இடைவெளியில்லாமல் பொருத்துவதும், கரண்டை முடிவு செய்வதும் தொழிலாளிதான். தவறாக வைத்தால் எந்திரம் அதே தவற்றைச் சீராகச் செய்து முடிக்கும். நீரழுத்தச் சோதனை அன்றைய கசிவைக் காட்டும். ஆலை நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் மடிப்புகள் விரிந்து சுருங்கிக் களைத்துப்போவதை அது காட்டாது.

ஆலைக்கும் பட்டறைக்கும் நடுவே தரகு வணிகர் நுழையும்போது நிலைமை மோசமாகிறது. ஆர்டர் சீட்டில் விட்டம், நீளம், ஃபிளேஞ்ச் அளவு மட்டும் வருகின்றன. உள்ளே ஓடுவது நீராவியா அமிலமா, எவ்வளவு அசைவு, கடலோர உப்புக்காற்று படுமா என்பது செய்கிறவருக்குத் தெரிவதில்லை. குளோரைடு பட்டால் 304 ரக எஃகில் விரிசல் விழலாம் என்று அறிந்தவர்கூட, கேட்ட ரகத்தையே செய்து அனுப்புகிறார். பெரும்பாலான பழுதுக்கு மாட்டுகிறவர்களின் பிழைதானே காரணம் என்பார்கள். அந்தப் பிழை நடப்பது உண்மை. அதுவே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. பயனுறு விட்டம் 500 மில்லிமீட்டர், அழுத்தம் 10 பார் என்றால் பெல்லோஸை இழுத்து நீட்டும் விசை ஏறக்குறைய 20 டன். அதைத் தாங்கும் டை ராட் எது, மாட்டியதும் கழற்ற வேண்டிய மஞ்சள் பூசிய போக்குவரத்துக் கம்பி எது என்று சொல்லும் தாள் நடுவழியில் தொலையக் கூடாது. இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில், பழுதான ஒரு கலனை எடுத்துவிட்டு, இரு பெல்லோஸ்களுக்கு நடுவே வளைந்த குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள். வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான்; பெல்லோஸ் தயாரிப்பாளரின் வழிகாட்டியை யாரும் புரட்டவில்லை. 1974 ஜூன் 1 அன்று அந்த இணைப்பு பிய்ந்து ஆலை வெடித்தது. 28 பேர் மாண்டார்கள்.

இவ்வளவும் கேட்டால் விலை ஏறும் என்பது கடைசி மறுப்பு. ஏறட்டும். குறைந்த விலைக்கு எடுத்துக் கைமாற்றுகிறவர் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை. குறைவது ஆர்கானும், வெல்டரின் கூலியும், அவருக்குத் தரப்படும் நேரமும்தான். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கேட்டுப் பெறும் துணிவு, அடுத்த ஆர்டரை இழக்க அஞ்சும் பட்டறைக்கு எங்கிருந்து வரும்? ஆலைகள் பட்டறையிடம் நேரே வாங்கட்டும். வெப்பம், அசைவு, ஓடும் பொருள் மூன்றையும் ஆர்டரிலேயே எழுதட்டும். மடிப்பு எடுக்கும் முன் கோட்டைச் சோதித்த பதிவையும், அதை ஒட்டிய வெல்டரின் எண்ணையும் பெயர்ப்பலகையோடு சேர்த்துக் கேட்டு வாங்கட்டும். இருபது டன் விசைக்குப் பக்கத்தில் ஆட்களை நிறுத்துகிறவர்களுக்கு இதைவிடக் குறைவாகக் கேட்கும் உரிமை கிடையாது.