நகையை அடகு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு லென்ஸ் கணக்கு

நீளமான பதிவு மக்களே. கேமரா வெச்சிருக்கவங்க, வாங்கப் போறவங்க, "லென்ஸ் வாங்கித் தாங்க"ன்னு வீட்ல பசங்க நச்சரிக்கறதைக் கேட்டுட்டு இருக்கவங்க, பொறுமையா படிங்க.

அரியலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஸ்டுடியோவுல வேலை. கையில கேனன் 1500டி, அதுகூட வந்த 18-55 லென்ஸ். முகூர்த்த நாள்ல கேண்டிட், மத்த நாள்ல ஊர் ஊரா கபடிப் போட்டி. "ராத்திரி மேட்ச் எல்லாம் ஷேக் ஆகுது டாக்டர். 70-200 எஃப் 2.8 வாங்கிடலாம்னு இருக்கேன். அம்மா நகையைத் தர்றேன்னு சொல்லிட்டாங்க."

என் பதில்: நகை பீரோவுலயே இருக்கட்டும் தம்பி.

நான் போட்டோகிராபர் இல்ல. ஆனா பெரம்பலூர், அரியலூர் சுத்துவட்டாரத்துல போட்டி நடந்தா முதலுதவிப் பெட்டியோட கோட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ற ஆளு. யாருக்காவது முட்டி பிசகற வரைக்கும் அங்க எனக்கு வேலை கிடையாது. அதனால கையில கேமரா.

முதல்ல அந்த "ஷேக்" என்னன்னு பாத்துடலாம். எக்ஸ்ரே எடுக்கும்போது "மூச்சை இழுத்துப் புடிங்க, அசையாதீங்க"ன்னு சொல்வாங்க இல்லையா? மெஷின் ஆடாது. நீங்க ஆடினா படம் கலங்கிடும். கேமராவுலயும் இதே கதைதான். உங்க கை ஆடறது ஒண்ணு, எதிர்ல ஆள் ஆடறது இன்னொண்ணு. லென்ஸ் மேல ஐஎஸ், விஆர்னு போட்டு விக்கறது முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் மருந்து. ரைடர் கையை வீசறதை அது நிறுத்தாது. கடைக்காரர் இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

அந்தக் கை நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல வருதுன்னு வெச்சுக்குங்க. ஷட்டர் 1/80ல இருந்தா அது திறந்திருக்கற நேரத்துக்குள்ள கை 10 சென்டிமீட்டர் நகந்துடும். 1/640ல வெச்சா ஒண்ணேகால் சென்டிமீட்டர்தான். அப்ப ஷட்டரை ஏத்தணும். ஏத்தினா வெளிச்சம் குறையும். வெளிச்சத்தை எங்க இருந்து கொண்டு வர்றது?

இருட்டுல நம்ம கண்ணுமணி 7, 8 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும். உங்க கிட் லென்ஸை 55ல வெச்சா எஃப் 5.6தான். அதாவது அதோட கண்ணுமணி சுமார் 10 மில்லிமீட்டர். பத்தாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கற 50எம்எம் எஃப் 1.8 லென்ஸை முழுசா திறந்தா 28 மில்லிமீட்டர். குறுக்களவே மூணு மடங்கு கிட்ட, எஃப் எண் கணக்குல வெளிச்சம் ஒன்பது மடங்குக்கு மேல. நீங்க நகையை வெச்சு வாங்க நினைக்கிற லென்ஸ் எஃப் 2.8. அதை விட இந்த 50 ரெண்டு மடங்குக்கும் மேல வெளிச்சம் உள்ள விடும்.

"ஆனா ஜூம் இல்லையே சார்?" நியாயமான கேள்வி. இங்கதான் நீங்க எங்க நிக்கறீங்கங்கறது முக்கியம். ஆண்கள் கபடி ஆடுகளம் 13க்கு 10 மீட்டர். நேரு ஸ்டேடியத்துல வேலி போட்டு உங்களைத் தூரத்துல நிறுத்தி வைப்பாங்க. நம்ம ஊர்ல விழாக் கமிட்டிக்காரங்க "ஏன் நிக்கறீங்க, உக்காருங்க"ன்னு கோட்டோரத்துலயே எடம் தருவாங்க. 1500டி மாதிரி சின்ன சென்சார்ல 50எம்எம் போட்டு 6 மீட்டர் தூரத்துல பாத்தா, சுமார் இரண்டே முக்கால் மீட்டர் அகலம் தெரியும். ரைடரும் கணுக்காலைப் பிடிக்கறவரும் அடங்கிடுவாங்க. 85எம்எம் போட்டு 8 மீட்டர்ல பாத்தா 2 மீட்டர் அகலம். முகத்துல இருக்கற மண்ணு வரைக்கும் தெரியும்.

அதனால முதல் லென்ஸ் 50. பத்துப் பதினைஞ்சு மேட்ச் எடுத்து, "இன்னும் கொஞ்சம் கிட்ட வேணும்"னு உங்களுக்கே தோணுச்சுன்னா செகண்ட் ஹேண்ட்ல கேனன் 85எம்எம் எஃப் 1.8 யூஎஸ்எம் தேடுங்க. 1992ல வந்த லென்ஸ், போகஸ் இன்னைக்கும் சுறுசுறுப்பு. நிறைய பேர் மிரர்லெஸ்ஸுக்கு மாறி பழைய லென்ஸை வித்துட்டு இருக்காங்க, அது உங்களுக்கு லாபம். நாளைக்கு நீங்களே மாறினாலும் அடாப்டர் போட்டு இதே லென்ஸை ஓட்டலாம்.

நிக்கான்காரங்க கவனிங்க. டி3500, டி5600 மாதிரி பாடிக்குள்ள போகஸ் மோட்டார் கிடையாது. விலை கம்மியா இருக்குன்னு பழைய "டி" வகை 50எம்எம் லென்ஸை வாங்கினா ஆட்டோபோகஸ் வேலை செய்யாது. கையால திருகிட்டு இருக்கறதுக்குள்ள ரைடு முடிஞ்சிடும். ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கற 35 அல்லது 50 எஃப் 1.8 வாங்குங்க.

கேண்டிட்டுக்கும் இதே லென்ஸ்தான். கல்யாண மண்டபத்துல தாலி கட்டற நேரத்துல வீடியோக்காரர் லைட்டுல எல்லாரும் பளிச்சுன்னு இருப்பாங்க. ஆனா நல்ல படம் அங்க இல்ல. பின்னாடி தூண் ஓரமா, பந்திக்குப் போற வழியில, பொண்ணோட அப்பா தனியா நின்னு மூக்கைத் துடைக்கற எடத்துல இருக்கு. அங்க லைட் இருக்காது. ஃப்ளாஷ் போட்டீங்கன்னா அவர் உடனே சிரிச்சு போஸ் கொடுத்துடுவார். எஃப் 2ல 50எம்எம் சத்தமில்லாம எடுத்துட்டு வந்துடும். நெருக்கடியான மண்டபத்துக்கு 85 நீளம், முதுகு சுவத்துல முட்டும்.

சரி, 50 எல்லாத்துக்கும் போதுமா? போதாது. அரியலூர்ல இருந்து போய் இந்திய ஹாக்கி அணியில ஆடற கார்த்தி செல்வத்தைப் பாத்துட்டு மட்டையைத் தூக்கற பசங்க இங்க இருக்காங்க. ஹாக்கி மைதானம் 91 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். அதுல 50 போட்டா ஆட்டக்காரர் எறும்பு மாதிரி தெரிவார். ஆனா அந்த ஆட்டம் பெரும்பாலும் பகல்ல. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வெச்சாலே ஷட்டர் 1/3200 வரைக்கும் போகும். அப்ப எதுக்கு எஃப் 2.8? பழைய 55-250 எஸ்டிஎம் வாங்கினா போதும். அதுவும் லட்சத்துல இல்ல, ஆயிரத்துலதான்.

ஜல்லிக்கட்டுக்கும் அந்த நீள லென்ஸ்தான், இது டாக்டரா சொல்றது. அன்னமங்கலத்துல வாடிவாசலுக்குப் பக்கத்துல 50எம்எம்மோட நிக்கணும்னு ஆசைப்படாதீங்க. வ்யூஃபைண்டர்ல ஒரு கண்ணை வெச்சா பக்கவாட்டுல வர்ற மாடு தெரியாது. தொடையிலயும் வயித்துலயும் கொம்பு போன ஆளுங்களைத் தைச்ச அனுபவத்துல சொல்றேன், கேலரி மேல ஏறி நின்னு 250ல எடுங்க.

பழைய லென்ஸ் வாங்கப் போனா பாக்கெட்ல ஒரு பென் டார்ச் வெச்சுக்குங்க. ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் பாருங்க, கண்ணுல புரை இருக்கான்னு பாக்கற மாதிரி. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பூஞ்சை. விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். நாலு தூசி இருந்தா பரவாயில்ல, படத்துல தெரியாது. உங்க பாடியில மாட்டி, கிட்டயும் தூரமும் மாத்தி மாத்தி பத்துத் தடவை போகஸ் பண்ணிப் பாக்காம காசு கொடுக்காதீங்க. வாங்கினதும் மூடி இறுக்கமான ஒரு டப்பா, உள்ள சிலிக்கா ஜெல். பீரோவுல துணிக்கு நடுவுல வைக்காதீங்க.

ராத்திரி மேட்ச்ல ஒரு தொல்லை வரும். ஒரு படம் பளிச்சுன்னு, அடுத்தது மங்கல். லென்ஸ் ரிப்பேர்னு பயப்படாதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குங்க நொடிக்கு 100 தடவை மினுக்கும், ஷட்டர் வேகமா இருந்தா அது மாட்டும். நாலஞ்சு எடுங்க, ரெண்டு தேறும்.

இன்னொரு விஷயம். பெரம்பலூர்ல பெண்கள் விளையாட்டு விடுதி இருக்கு, நம்ம ஊர்ப் பொண்ணுங்க நல்லா ஆடுறாங்க. தூரத்துல நின்னு 200ல இழுத்து எடுத்தா, எடுக்கறது யாருன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. 50, 85ல எடுக்கணும்னா கோச்சுகிட்ட கேட்டுட்டு, எல்லாருக்கும் தெரியற மாதிரி உட்காரணும். எனக்கு இந்தக் கட்டாயம் பிடிச்சிருக்கு. கேண்டிட்னா ஒளிஞ்சு எடுக்கறதுன்னு அர்த்தம் இல்ல. விழுந்து வலியில கிடக்கறவங்களை எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கற பழக்கத்தையும் விட்டுடுங்க, அந்த நேரத்துல எனக்குக் கொஞ்சம் வழி விடுங்க.

இப்ப நகை. 70-200 எஃப் 2.8 மோசமான லென்ஸ் இல்ல, அருமையான லென்ஸ். ஒன்றரைக் கிலோ கனம், புதுசா வாங்கினா ஒன்றரை லட்சத்துக்கு மேல. ஊர்க் கபடிக் கமிட்டி தர்ற காசுல அதோட வட்டி கூடத் தேறாது. நம்ம பக்கத்துக் குடும்பங்களுக்கு நகைதான் அவசர மருத்துவ நிதி. காப்பீட்டு அட்டை இருந்தாலும் கூட இருக்கறவங்க சாப்பாடு, வெளிய வாங்கச் சொல்ற மாத்திரை, வேலைக்குப் போகாத நாள் கூலி எல்லாம் கையில இருந்துதான் போகணும். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலின்னு வர்றவரை திருச்சிக்கு அனுப்பறப்ப, அந்த வீட்டு அம்மாவோட கை தானா கழுத்துக்குப் போகும். நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அந்த நேரத்துல நகை அடகுக் கடையில இருக்கக் கூடாது.

வருஷத்துல ரெண்டு பெரிய கல்யாணத்துக்கு அந்த லென்ஸ் நிஜமாவே தேவைப்பட்டா, அந்த ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்க. வாடகையை பார்ட்டி பில்லுல சேருங்க.

முதல் மேட்சுக்கு இப்படி வைங்க: எஃப் 2, 1/640, ஐஎஸ்ஓ 3200, ஏஐ சர்வோ, நடுப் புள்ளி மட்டும். படம் இருட்டா வந்தா ஐஎஸ்ஓவை 6400 ஆக்குங்க, ஷட்டரை இறக்காதீங்க. புள்ளி புள்ளியா தெரிஞ்சாலும் ஃப்ளெக்ஸ் பேனர்ல யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. 1500டி நொடிக்கு மூணு படம்தான் எடுக்கும், அதனால பட்டனை அமுக்கிட்டே இருந்து பிரயோஜனம் இல்ல. ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டற வரைக்கும் காத்திருங்க. எடுத்ததை அனுப்புங்க தம்பி, பாத்துட்டு 85 வேணுமா வேணாமான்னு பேசலாம்.