தாய் தந்த சிறுநீரகம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தீக்காயம் என்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் மூண்ட தீ ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் குடித்தது. ஆனால் உறுப்பு மாற்று மருத்துவத்தின் முதற்பாடமே இத்தகைய தீக்காயம் ஒன்றிலிருந்துதான் கற்கப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில், தீயில் வெந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய உடன்பிறந்தவனின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டினார்கள். சில நாட்களில் அவை வாடி உதிர்ந்தன. மறுமுறையும் அவனுடைய தோலையே ஒட்டியபோது முன்னிலும் விரைவாக உதிர்ந்தன. உடல் தன்னுடையதல்லாத ஒன்றை அடையாளம் கண்டுகொள்கிறது. அதோடு, அதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது! கிப்சன், மெடவார் ஆகிய இருவரும் 1943-ல் இதை எழுதி வெளியிட்டனர். மெடவாருக்கு இத்துறை ஆராய்ச்சிக்காக 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது என் தங்கையின் பொருட்டு. அவள் சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதி வந்தாள். 2009-ல் அவளுடைய இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. இளமையில் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர், இப்போது தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தந்தார். மதுரையில் நடந்த அறுவை முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, "வெற்றி" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடே அன்று ஆனந்தக் கண்ணீர் வடித்தது.

எத்தனை நாளுக்கு வெற்றி என்று கேட்கத் தொடங்கினால்தான் ஆராய்ச்சியின் அருமை புரிகிறது. 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் முரே என்னும் அறுவை மருத்துவர் ஓர் இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டையர் ஆதலால் உடல் அதை வேற்றுப்பொருளாகக் கருதவில்லை. பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவரோ 2010 வரை வாழ்ந்தார். நம் நாட்டில் இச்சிகிச்சை முதன்முதலாக நிலைத்து வெற்றி கண்டது 1971-ல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். இரட்டையர் அல்லாதவர்க்கு, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் மருந்து நாள் தவறாமல் வேண்டும். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் 1980-களில் பரவலான பின்னர்தான், பொருத்திய உறுப்பு ஓராண்டைக் கடப்பது வழக்கமான செய்தியாயிற்று. விந்தை என்னவெனில், சிறுநீரகத்தைக் காக்கும் அந்த மருந்தே நாளடைவில் சிறுநீரகத்தைப் புண்படுத்தவும் செய்கிறது. கூடினால் உறுப்புக்குக் கேடு. குறைந்தால் உடல் அதனைத் தள்ளிவிடும். என் தங்கை இந்த இரண்டுக்கும் நடுவே, கயிற்றின்மேல் நடப்பவளைப் போலப் பதினாறு ஆண்டுகள் நடந்திருக்கிறாள்.

பதினான்காம் மாதத்தில் மாலைதோறும் காய்ச்சல் வந்தது. எடை குறைந்தது. காசநோய் என்றார்கள். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடலில் உறங்கிக் கிடக்கிறது. காவலைத் தளர்த்தினால் விழித்துக்கொள்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து செய்வது அதைத்தானே! 1986 முதல் 1999 வரை சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த வேலூர் மருத்துவர்கள், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் காசநோய் கண்டது என்று 2001-ல் எழுதினார்கள். மேலைநாடுகளில் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட பாடநூலை மட்டும் நம்பியிருந்தால் நம்மவர் காய்ச்சலுக்கு வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், இரத்தத்தில் சைக்ளோஸ்போரினின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் உறுப்பை இழக்க நேரிடும். அவளுக்கு வேறு மருந்து கொடுத்து, வாரந்தோறும் இரத்தம் பார்த்து, ஓராண்டுக்கு மேல் போராடிக் கரையேற்றினார்கள்.

முகம் வட்டமாக உப்பியதையும், சர்க்கரை நோய் வந்து சேர்ந்ததையும் விரித்துரைக்க வேண்டாம். அவை அனைவரும் எதிர்பார்ப்பவையே. அவளுக்கு மிகுதியாக வருத்தம் தந்தது, திருமண வீடுகளில் கூட்டத்திற்கு அஞ்சி ஒதுங்கி நிற்க நேர்ந்ததுதான்.

உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகம் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் உழைப்பது சாதாரணம். சிலரிடம் இருபதையும் தாண்டும். 2025-ல் என் தங்கையின் கிரியாட்டினின் மெல்ல ஏறத் தொடங்கியது. அம்மாவின் சிறுநீரகம் களைத்துவிட்டது என்று அவள் சொன்னாள். மீண்டும் டயாலிசிஸ். அப்போதுதான் அவளுடைய மகள் என்னிடம் வந்தாள். வயது இருபத்துநான்கு, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"மாமா, அம்மாச்சி கொடுத்தார்களே, நான் கொடுக்கக் கூடாதா? நீங்கள்தான் அம்மாவிடம் பேச வேண்டும்."

நான் படித்ததை அவளுக்குச் சொன்னேன். சிறுநீரகம் கொடுத்த அமெரிக்கர் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, கொடுத்தவர்களில் பதினாயிரத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வாழ்நாளில் தம் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அதே உடல்நலமுள்ள, கொடாதவர்களில் பதினாயிரத்துக்குப் பதினான்கு பேருக்கே அந்த நிலை. சிறிய ஆபத்துதான், ஆனால் இல்லாததன்று. கனடா நாட்டு ஆய்வு ஒன்று 2015-ல் இன்னொன்றைக் காட்டிற்று: சிறுநீரகம் கொடுத்தபின் கருவுற்ற பெண்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இரத்தக் கொதிப்போ அதையொட்டிய பேறுகாலச் சிக்கலோ நேர்ந்தது, கொடாதவர்களில் ஐவருக்கு. பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெற்றார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். நம் நாட்டில் உயிரோடு உறுப்புத் தருபவர்களில் பெரும்பகுதியினர் பெண்களாயிருக்க, இந்தக் கணக்கை அவர்களிடம் யார் விளக்கமாகச் சொல்லுகிறார்கள்? "கொடுத்துவிட்டுப் பத்தாம் நாள் வேலைக்குப் போகலாம்" என்னும் பேச்சுத்தான் காதில் விழுகிறது.

இடையில் தரகர் ஒருவர் எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்தார். முன்பணக் கடனில் சிக்கிய ஒரு குடும்பத்தைத் தாம் அறிவதாகவும், உறவினர் என்று தாள்கள் தயார் செய்துவிடலாம் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். பட்டாசு ஆலை மூடிக்கிடக்கும் மாதங்களில் இப்பகுதிக் குடும்பங்களைக் கடன் எப்படி நெருக்குகிறது என்பதை நான் அறிவேன். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வணிகத்தைத் தடை செய்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மாநாட்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் இதனை ஏற்கவியலாதது என்றே உரைத்தார். இவற்றைவிட என் மனத்தைத் தைத்தது சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு 2002-ல் வெளியிடப்பட்ட ஆய்வு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனை அடைக்கவே விற்றார்கள். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. நான்கில் மூவர் அப்போதும் கடனாளிகளே. உடல்நலம் சீர்கெட்டது என்றவர்கள் எண்பத்தாறு சதவீதம். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றிய செய்திகள் வந்தபோது, கால் நூற்றாண்டு கழிந்தும் கதை மாறவில்லை என்றே தோன்றிற்று. தரகருக்கு அம்மா மோர் கொடுத்து, "போய் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

எஞ்சியிருப்பது மூளைச்சாவு அடைந்தோரின் கொடை. தமிழகத்தில் 2008 முதல் இதற்கென ஒழுங்கான ஏற்பாடு உண்டு. 2023 முதல் அவ்வாறு கொடுத்தவர்களின் உடல்கள் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்படுகின்றன. என் தங்கையின் பெயர் அந்தப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒருமுறை மாற்று உறுப்புப் பெற்ற உடலில் எதிர்ப்பொருள்கள் சேர்ந்திருக்கும். கிளாஸ்கோவில் இரண்டாம் முறை ஒட்டிய தோலைப் போலவே இரண்டாவது சிறுநீரகத்திற்கும் பொருத்தம் கிடைப்பது அரிது.

மகளின் வேண்டுகோளை என் தங்கையிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அம்மாதான் பேசினார்: "நான் பெற்று வளர்த்து முடித்த பிறகு கொடுத்தேன். இவள் இன்னும் பெறவே தொடங்கவில்லையே." எழுபதைத் தாண்டிய அம்மா, எந்த ஆய்வையும் படித்தவரல்லர்.

பெண் விடவில்லை. மதுரைக்குத் தனியே சென்று இரத்தம் கொடுத்துச் சோதித்து வந்திருக்கிறாள். முடிவு வந்த உறை பீரோவில் இருக்கிறது. தங்கை அதைப் பிரிக்க மறுக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு இருவரும் ஒரே பேருந்தில்தான் போய் வருகிறார்கள்.