ஆலமரத்து மூட்டை

இழிந்தது என்று நாம் ஒதுக்கும் பொருளே சில வேளைகளில் நமக்கு ஆசானாக அமைந்துவிடுகிறது. எனக்கு அவ்வாறு அமைந்தது, வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டப்பட்ட ஒரு மூட்டை. அம்மூட்டையில் இருந்தது ஒரு குதிரையின் நஞ்சுக்கொடி.

1972ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. நான் அப்பொழுது கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவன். எங்கள் தெருக்கோடியில் குதிரைவண்டிக்காரர் ஒருவர் வாழ்ந்தார். இரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் இடையே வண்டியோட்டி, அவ்வருவாயில் ஐந்து உயிர்களைக் காத்துவந்தார். அவருடைய செல்வமெல்லாம் செந்நிறப் பெண்குதிரை ஒன்றே. ஒருநாள் நள்ளிரவில் அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். “தம்பி, குதிரைக்கு நோவு கண்டிருக்கிறது. நீ படிக்கிற பிள்ளை, வந்து பார்” என்றார்.

நான் செல்வதற்குள் குட்டி பிறந்துவிட்டது. அரிக்கன் விளக்கின் ஒளியில் அது நடுங்கும் கால்களை ஊன்றி எழுவதும் விழுவதுமாக இருந்தது. ஒரு மணி நேரத்திற்குப் பின் நஞ்சுக்கொடியும் விழுந்தது. “கொடி முழுதும் வந்துவிட்டதா, தம்பி?” என்று வண்டிக்காரர் கேட்டார். அதனைத் தரையில் விரித்து, எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும் என்பதை நான் நூலில் படித்திருந்தேன். ஆயினும், கை வைக்க அருவருப்பாக இருந்தது. உறக்கமும் கண்ணை அழுத்தியது. “வந்துவிட்டது, அண்ணே” என்றேன். அவர் என் சொல்லை நம்பினார். பசுவின் கொடிக்குச் செய்வதுபோல அதனையும் வைக்கோலில் பொதிந்து ஆலமரத்துக் கிளையில் கட்டினார்.

மூன்றாம் நாள் குதிரைக்குக் காய்ச்சல் கண்டது. குளம்புகள் சுட்டன. நிலத்தில் காலூன்ற இயலாமல் அது துடித்தது. பக்கத்து நகரிலிருந்து முதிய மருத்துவர் ஒருவர் வந்தார். “கொடியை விரித்துப் பார்த்தவர் யார்?” என்று வினவினார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் மூட்டையை மரத்திலிருந்து இறக்கச் செய்து, நீர் தெளித்துத் தரையில் பரப்பினார். ஓர் உடலும் இரண்டு கொம்புகளுமாக, ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தைப்போல அது கிடந்தது. ஒரு கொம்பின் நுனி இல்லை! அச்சிறு துண்டு கருப்பையிலேயே தங்கி அழுகியிருந்தது. அதன் நச்சுத்தன்மை குருதியில் கலந்து குளம்புகளைத் தாக்கியிருந்தது.

மருத்துவர் முயற்சியால் குதிரை பிழைத்தது. ஆனால், அது மீண்டும் வண்டி இழுக்கவில்லை. வண்டிக்காரர் கூலி வேலைக்குச் சென்றார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. கடிந்திருந்தால் என் நெஞ்சு சற்று ஆறியிருக்கும்.

நான் தொட அருவருத்த அப்பொருள் யாது என்று அறியும் வேட்கை அன்று என்னுள் பிறந்தது. அன்று முதல் அதனைப் பற்றிக் கற்று வருகிறேன்.

குதிரையின் சூல் ஏறத்தாழப் பதினொரு திங்கள் நிலைப்பது. அத்தனை நாளும் குட்டிக்கு உணவூட்டுவதும், உயிர்வளி தருவதும், கழிவை அகற்றுவதும் நஞ்சுக்கொடியே. அதன் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய குஞ்சங்கள் நிறைந்துள்ளன. அவை தாயின் கருப்பைச் சுவரில் உள்ள குழிகளோடு விரல் கோத்தாற்போலப் பொருந்துகின்றன. தாயின் குருதியும் குட்டியின் குருதியும் அருகருகே ஓடும். ஒன்றோடு ஒன்று கலவா.

நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றே பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. குட்டி எந்தக் கருவிலிருந்து வளர்கிறதோ, அந்தக் கருவிலிருந்தே அதுவும் வளர்கிறது. ஆதலின் தந்தையின் மரபணுக்களும் தாயின் மரபணுக்களும் அதில் உள்ளன. ஒரு வீட்டில் அறைதோறும் விளக்கு உண்டு. எல்லா விளக்குகளும் ஒரே வேளையில் எரிவதில்லை. உயிரணுக்களில் உள்ள மரபணுக்களும் அத்தகையனவே. எது, எங்கே, எந்நாளில் விழித்து வேலை செய்கிறது என்பதே உடலின் நுட்பம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். குதிரையின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு மரபணு வேலை செய்து, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றை உண்டாக்க உதவுகிறது. அதே மரபணு கருவின் உறையிலும் விழிக்கிறது. கருவுற்ற 36ஆம் நாள் அளவில், அவ்வுறையைக் கச்சைபோலச் சுற்றியுள்ள உயிரணுக்கள் தம் இடம்விட்டுத் தாயின் கருப்பைச் சுவருக்குள் புகுகின்றன. அங்கே சிறு கிண்ணங்கள் போல அமைகின்றன. அவை சுரக்கும் ஹார்மோன், கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் பெருகத் துணைசெய்கிறது. சூலுற்ற குதிரையின் குருதியில் இத்தகைய ஒரு பொருள் இருப்பதை 1930ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்னும் அறிஞர் இருவர் கண்டறிந்தனர். நான்கு திங்கள் அளவில் தாயின் வெள்ளணுக்கள் அக்கிண்ணங்களைச் சூழ்ந்து அழித்துவிடுகின்றன. அதற்குள் நஞ்சுக்கொடியே கருவைக் காக்கும் ஆற்றல் பெற்றுவிடுகிறது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சில மரபணுக்களில் தந்தை தந்த படி மட்டுமே விழித்திருக்கும். வேறு சிலவற்றில் தாய் தந்த படி மட்டுமே விழித்திருக்கும். இவ்வுண்மைக்கு 1984ஆம் ஆண்டில் எலிகளில் செய்த ஆய்வுகள் வழிகாட்டின. குதிரையில் இதனை அறிவது எப்படி? தந்தையின் படியும் தாயின் படியும் பெரிதும் ஒத்திருப்பின், வேலை செய்வது எவருடையது என்று பிரித்தறிவது அரிது. ஆகவே, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர்கள் குதிரையையும் கழுதையையும் இணைத்துப் பெற்ற கருக்களை ஆராய்ந்தனர். சிலவற்றில் கழுதை தந்தை. சிலவற்றில் குதிரை தந்தை. இரண்டு இனங்களின் மரபணுக்களிலும் சிறுசிறு வேறுபாடுகள் உள்ளமையால், எவருடைய படி வேலை செய்கிறது என்பது புலனாயிற்று. 2013ஆம் ஆண்டில் அவர்கள் முடிவை வெளியிட்டனர். இவ்வாறு ஒருபுறப் படி மட்டுமே விழித்திருக்கும் மரபணுக்களுள், நஞ்சுக்கொடியில் தந்தைவழியினவே மிகுந்திருந்தன. குட்டி பிறக்கும்பொழுது அருகில் இல்லாத தந்தையும் அதற்கு உணவூட்டுவதில் பங்குகொள்கிறது என்று கூறினால் தவறாகுமா?

மாணவர்களே, இவ்வளவு பணியும் முடித்த பின்னரே அவ்வுறுப்பு மண்ணில் விழுகிறது. அதனை நோக்க எனக்கு ஐந்து நிமிடப் பொறுமை இல்லாமற் போயிற்று. நூலில் கற்றது என் நினைவில் இருந்தது. அது கைக்கு இறங்கவில்லை. அதற்கு விலை கொடுத்தவன் நானும் அல்லேன்.

பின்னர் நான் குதிரைகள் பலவற்றின் பேற்றைக் கண்டேன். ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடியை என் கைகளால் விரித்து, இரண்டு நுனிகளையும் தொட்டுப் பார்த்த பின்னரே எழுவேன். அப்பொழுதெல்லாம், “கொடி முழுதும் வந்துவிட்டதா, தம்பி?” என்னும் குரல் என் செவியில் ஒலிக்கும். அதற்கு உண்மையான விடையை மனத்துள் கூறிக்கொண்ட பிறகே கை கழுவுவேன்.