பந்து உருண்ட இடத்தில் பூஞ்செடிகள்

லண்டனின் வடபகுதியில் 'ஆர்ஸனல்' என்று ஒரு பாதாள ரயில் நிலையம் இருக்கிறது. நடைமேடைச் சுவரில் பதித்த ஓடுகளில் மட்டும் 'கில்லஸ்பி ரோடு' என்ற பழைய பெயரைப் பார்க்கலாம். ஒரு கால்பந்துக் கோஷ்டிக்காக ரயில் நிலையமே 1932-ல் பெயரை மாற்றிக்கொண்டது என்றால், அந்த ஊர்ப் பைத்தியத்தை என்னவென்று சொல்வது!

நீண்ட சுரங்க வழியில் மூச்சு வாங்க ஏறி வெளியே வந்தேன். இரு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். இவற்றுக்கு நடுவில்தான் 93 வருஷ காலம் ஹைபரி மைதானம் இருந்தது.

1913-ல் தேம்ஸ் நதிக்குத் தெற்கேயிருந்த ஆர்ஸனல் கோஷ்டி, இங்கே ஒரு வேதாகமக் கல்லூரியின் விளையாட்டு நிலத்தை 21 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. கிறிஸ்துமஸ் அன்றும் பெரிய வெள்ளியன்றும் பந்தாடக் கூடாது என்று நிபந்தனை! அக்கம் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் வேண்டவே வேண்டாம் என்று ஆட்சேபித்தார்கள். வாசலில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடிப்பதை யார்தான் விரும்புவார்கள்? நானாயிருந்தால் முதல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆட்சேபம் பலிக்கவில்லை.

செப்டம்பர் 6-ந் தேதி முதல் ஆட்டம். கட்டட வேலை முடிந்தபாடில்லை. அடிபட்ட ஆட்டக்காரர் ஒருவரைப் பால்காரரின் வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்களாம்! இன்னொரு கதையும் உண்டு. வடக்குப் பக்கம் மண் கொட்டி மேடு எழுப்பியபோது, கரி வியாபாரி ஒருவரின் வண்டி குதிரையோடு பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். குதிரையை அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்கிறார்கள்.

1935 மார்ச்சில் ஸண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்துக்கு 73,295 பேர் கூடினார்கள். அத்தனை பேரும் உட்கார்ந்தா பார்த்தார்கள்? பெரும்பாலோர் நின்றுகொண்டுதான். 1989-ல் ஷெபீல்டில் நெரிசலில் பலர் மாண்ட பிறகு, பெரிய கோஷ்டிகளின் மைதானங்களில் எல்லோருக்கும் ஆசனம் வேண்டும் என்றார்கள். ஹைபரியில் 38,000 சொச்சம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. சுற்றிலும் வீடுகள், எந்தப் பக்கம் விரிப்பது? பக்கத்திலேயே பெரிய அரங்கம் எழுந்தது. 2006 மே 7-ந் தேதி, கடைசி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட தியரி ஹென்ரி, குனிந்து புல்தரையை முத்தமிட்டார்.

இப்போது அங்கே 650-க்கு மேற்பட்ட வீடுகள். 1936-ல் கட்டிய கிழக்கு அரங்கின் முகப்பை இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் ஆர்ப்பரித்த இடத்தில் ஜன்னல்கள், திரைகள். பந்து உருண்ட தரை தோட்டமாகிவிட்டது. அதன் அடியில் மோட்டார் நிறுத்துமிடம்.

வடக்கு மூலைப் பக்கம் சற்று நின்றேன். அந்தக் குதிரை எங்கே கிடக்கிறதோ!