வேம்பு தந்த மூச்சு

பேகம்பூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. அத்தா வைத்த கன்று அது. அதன் நிழலில் கட்டிலைப் போட்டு, தஸ்பீஹும் கையுமாக அமர்ந்திருப்பது என் அம்மாவின் வழக்கம். 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், அந்தக் கட்டிலிலிருந்துதான் அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உருளையிலிருந்து பிராணவாயு செலுத்தினார்கள். ஆறாம் நாள் சுபுஹு வேளையில் அம்மா வஃபாத்தானார்கள்.

சில நாட்கள் சென்றபின், ஒன்பது வயது மகன் கேட்டான்: “அத்தா, மரம் பிராணவாயு தருகிறது என்று எங்கள் பாடத்தில் இருக்கிறதே! நம் வேம்பு நன்னிக்கு ஏன் தரவில்லை?”

தலையைத் தடவிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கேள்வியோ என்னை விட்டுப் போகவில்லை. படித்தவர்களைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அன்று காற்றில் குறையேதும் இருக்கவில்லை. வேம்படியிலும் மருத்துவமனை வாசலிலும் காற்றின் 100 பங்கில் ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயுதான். நுரையீரலின் நுண்ணறைகளில் நீர் கோத்து, வாயு இரத்தத்தில் கலக்கும் வழி அடைபட்டிருந்தது. அடைபட்ட வழியிலும் சிறிதளவாவது உட்புக வேண்டும் என்பதற்காகவே செறிந்த பிராணவாயுவைச் செலுத்தினார்கள்.

அப்படியானால் வேம்பின் கொடை எங்கே போகிறது? பகலில் இலை கதிரொளியைக் கொண்டு நீரைப் பிளக்கிறது; அதிலிருந்து பிராணவாயு வெளிவருகிறது. ஆனால் மரமும் இரவு பகலாக மூச்சு விடுகிறது. பாசி மண்டிய குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைக் கண்டிருப்பீர்கள். பகலெல்லாம் வாயு தந்த பாசி, இரவில் தானே அதை எடுத்துக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். அரசமரம் இரவிலும் பிராணவாயு விடும் என்று நம்மூரில் சொல்வதற்கு ஆதாரமில்லை. உதிர்ந்த இலை மட்கும்போதும், ஆடு தழையைத் தின்று செரிக்கும்போதும், விறகு எரியும்போதும் எஞ்சியது செலவாகிறது. சிறுமலைக் காடாயினும் அமேசான் காடாயினும், முதிர்ந்த காட்டின் வரவும் செலவும் ஏறக்குறையச் சமமே.

பின் நாம் சுவாசிக்கும் இவ்வளவு பிராணவாயு எங்கிருந்து வந்தது? அது நெடுங்காலச் சேமிப்பு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன், நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்களால் அது காற்றில் சேரத் தொடங்கியது. பள்ளிவாசல் ஹவுளின் சுவரில் வழுக்குகின்ற பாசியில் அவற்றின் வழிவந்தவை இன்றும் உண்டு. அவ்வுயிர்களிலும் பின்வந்த தாவரங்களிலும் மிகச்சிறு பங்கு, மட்கிப் போகாமல் கடலடிச் சேற்றில் புதையுண்டது. புதைந்ததற்கு ஈடான பிராணவாயு செலவாகாமல் மிஞ்சிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகளின் அந்த மிச்சமே நம் காற்று. உலகின் மரஞ்செடிகள் யாவும் எரிந்தாலும் அதில் 100இல் ஒரு பங்குகூடக் குறையாதாம்.

மருத்துவமனை உருளையில் வந்ததும் அதுவே. காற்றைக் கடுங்குளிரில் நீர்மமாக்கிப் பிரித்து அடைக்கிறார்கள். புதிதாக எவரும் செய்வதில்லை.

இதையெல்லாம் மகனுக்குச் சொன்னேன். “நம் வேம்பு இன்று தருவது ஏறக்குறைய முழுவதும் திரும்பச் செலவாகிவிடும். நன்னி கடைசியாக இழுத்த மூச்சு, வேம்புக்கும் முன்னே வாழ்ந்த பச்சை உயிர்கள் சேர்த்து வைத்தது. தராமல் இருக்கவில்லையப்பா, மிக முன்பே தந்துவிட்டார்கள்.”

சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் மரத்தை வெட்டினால் பரவாயில்லையா?” என்றான். முற்றத்தில் ஓர் அறை கட்டலாம் என்று உறவினர் சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கிறது.

அதற்கு மட்டும் எனக்கு நூல் தேவைப்படவில்லை. திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் எங்கள் முற்றத்தில் கால் வைக்க முடிகிறதென்றால் அது அந்த நிழலால்தான். பிராணவாயு தருகிறது என்று சொல்லித்தான் மரத்தைக் காக்க வேண்டுமென்பதில்லை. வல்ல நாயன் அதன்வழி அளித்தவற்றுள் நாம் கண்ணால் காண்பவையே போதும்.

அறை கட்டும் பேச்சை நிறுத்திவிட்டேன். கட்டில் இன்னும் வேம்படியில்தான் கிடக்கிறது. அஸர் தொழுதபின் நான் அங்கே அமர்கிறேன். மூச்சு தடையின்றி வந்து போகிறது; அல்ஹம்துலில்லாஹ்.